பழுப்பாக்குதல்: பழைய கார், புதிய படம், காணாமல் போன ஆள்

இந்தப் பக்கங்களில் எழுதுகிற நண்பர்கள் பெரும்பாலும் படித்துவிட்டு எழுதுகிறவர்கள். நான் வேலை செய்துவிட்டு எழுதுகிறேன். இருபது வருஷத்துக்கு மேலாக ஃபோட்டோஷாப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பவன். கல்யாண ஆல்பம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் ஃபிளெக்ஸ் என்று போகிற பிழைப்பு. பிரதி, கட்டமைப்பு, குறிப்பான் என்றெல்லாம் நீங்கள் டீக்கடையில் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவன். அதெல்லாம் புத்தகத்துக்குள் இருக்கிற சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு கார் படம் அந்த நினைப்பைக் கெடுத்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் கைபேசியில் எடுத்த படம் ஒன்றைக் கொண்டுவந்தார். சிவப்பு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு. எங்கோ பாழாய்க் கிடந்ததை வாங்கி, ஒன்றரை வருஷம் செலவழித்து, பழையபடி ஆக்கியிருந்தார். படம் ஒர்க்ஷாப் வாசலில் எடுத்தது. வண்டிக்குப் பக்கத்தில், முன்கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தோளில் துடைக்கிற துணியோடு, அந்த வண்டியைச் சரிசெய்த மெக்கானிக் நிற்கிறார். எங்கள் பகுதியில் எல்லோருக்கும் அவர் 'பாய்'தான். வந்தவர் கேட்டது இதுதான்: "அறுபதுகள்ல எடுத்த மாதிரி இருக்கணும் சார். வின்டேஜ் லுக். அந்தப் பெரியவரை மட்டும் எடுத்துடுங்க."

எடுத்தேன். நாற்பது நிமிஷ வேலை, அறுநூறு ரூபாய்.

சில மாதம் கழித்து அதே படம் ஒரு விழா மலரில் அச்சாகி என் கைக்கே வந்து சேர்ந்தது. கீழே '1962, சென்னை' என்று போட்டிருந்தார்கள். வாட்ஸப்பில் கைமாறிக் கைமாறிப் போன வழியில் எங்கோ அந்த வருஷம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலரை எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன். படத்தில் தன்னைத் தேடுவார், கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் தேடவே இல்லை. பக்கத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாலு கதவு ஹெரால்டு அறுபத்திரெண்டுல ஏது தம்பி?" என்றார்.

அவர் சொன்னது சரி. இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டை, சென்னைக்கு வெளியே வண்டலூர்ப் பக்கம் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் இங்கே தயாரித்தது. அது இரண்டு கதவு வண்டி. முன்சீட்டை மடக்கித்தான் பின்னால் ஏற வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது சரிப்படவில்லை. நாலு கதவு ஹெரால்டு அறுபதுகளின் பிற்பகுதியில்தான் வந்தது, அதுவும் இந்தியாவில் மட்டும். இங்கிலாந்துக்காரனுக்கே அப்படி ஒரு ஹெரால்டு கிடையாது. கம்பெனியும் எண்பதுகளின் கடைசியில் நின்றுபோனது. ஆக, நான் செய்த படம் இல்லாத வண்டியை இல்லாத வருஷத்தில் நிறுத்திவைத்திருக்கிறது. மலர் தயாரித்தவர்களுக்கோ அச்சடித்தவர்களுக்கோ வாங்கிப் படித்தவர்களுக்கோ அது தெரியவில்லை. தெரிந்த ஆளை நான்தான் படத்திலிருந்து அழித்திருந்தேன்.

*

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். ரகசியம் ஒன்றுமில்லை. முதலில் நிறத்தைக் குறைக்க வேண்டும். அடுத்து 'கர்வ்ஸ்' என்கிற வளைகோட்டின் இடது கீழ்முனையைக் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும்; கறுப்பு கறுப்பாக நிற்காமல் சாம்பலாக வெளுத்துவிடும். மேலே ஒரு லேயரில் பழுப்போ மஞ்சளோ. ஓரங்களை இருட்டடிக்க வேண்டும். துகள் தூவ வேண்டும். கீறல், தூசி, மடிப்புத் தடம் இவையெல்லாம் தனிப் படங்களாகவே விலைக்குக் கிடைக்கின்றன; வாங்கிப் போர்த்தினால் போதும். கடைசியில் சுற்றி ஒரு வெள்ளை பார்டர். இத்தனையையும் ஒரே தட்டலில் முடிக்கிற செயலிகள், 2009 டிசம்பரில் வந்த ஹிப்ஸ்டமேடிக், 2010 அக்டோபரில் வந்த இன்ஸ்டாகிராம் காலத்திலிருந்தே கைபேசியில் உண்டு. நின்றுகொண்டிருக்கிற ஆளை அழிப்பதுதான் முன்பெல்லாம் கஷ்டம், அரைநாள் குளோன் ஸ்டாம்பை வைத்துத் தேய்க்க வேண்டும். 2010இல் வந்த சி.எஸ்.5 அதைப் பாதி சுலபமாக்கியது. 2023இல் வந்த ஜெனரேட்டிவ் ஃபில் மீதியையும். இப்போது ஆளைச் சுற்றி ஒரு கோடு போட்டால் போதும், ஆள் இருந்த இடத்தில் அவருக்குப் பின்னால் இருந்திருக்கக்கூடிய கதவை அதுவே வரைந்துகொள்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் சொன்ன வேலைகளில் காரின் வயதைப் பற்றி எதுவுமே இல்லை. எல்லாம் காகிதத்தின் வயது, ரசாயனத்தின் வயது, கவனக்குறைவின் வயது. 1962இல் ஒரு புது ஹெரால்டைப் படம் பிடித்து அன்று சாயங்காலமே பிரின்ட் போட்டிருந்தால் அதில் கறுப்பு கறுப்பாக இருந்திருக்கும், குரோமியம் மின்னியிருக்கும். அன்றைக்குப் பார்த்தவர்கள் புது வண்டியைப் புதுப் படத்தில் பார்த்தார்கள். நாம் 'அந்தக் காலம்' என்று செய்துவைப்பதைப் போல ஒன்றை அந்தக் காலத்தில் யாருமே பார்த்ததில்லை.

செபியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழுப்பு மங்கிப்போனதின் நிறம் என்று பொதுப்புத்தியில் பதிந்திருக்கிறது. உண்மையில் அது மங்கக்கூடாது என்று செய்த வைத்தியத்தின் நிறம். கறுப்புவெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது நுண்ணிய வெள்ளி. காற்றிலிருக்கிற அசுத்தமும் ஈரமும் அந்த வெள்ளியைத் தின்னும். அதனால் பிரின்டை முதலில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் புரோமைடும் கலந்த கரைசலில் வெளுக்கவிட்டு, பிறகு சோடியம் சல்ஃபைடில் போட்டு எடுப்பார்கள். வெள்ளி, வெள்ளி சல்ஃபைடாக மாறும். நிறம் பழுப்பாகும், ஆயுள் கூடும். நான் தொழில் பழகிய ஸ்டூடியோவில் பெரியவர் ஒருதடவை செய்துகாட்டினார். அழுகிய முட்டை நாற்றம். இரண்டு நாள் கையை மோந்து பார்த்துக்கொண்டே திரிந்தேன். காலத்தைத் தடுத்து நிறுத்தச் செய்த ஒரு காரியத்தின் தடம், இப்போது காலம் கடந்துபோனதற்கான குறிப்பானாகப் புழங்குகிறது. குறிப்பானும் குறிப்பீடும் ஒன்றையொன்று கைவிட்டுவிட்டுத் தனித்தனியாகப் போவது பற்றி நீங்கள் பேசுவீர்களே, அது இதுதானா என்று நண்பர் ஒருவரிடம் கேட்டேன். கிட்டத்தட்ட என்றார்.

வைத்தியமில்லாமல் வந்த பழுப்பும் உண்டு. நிலைப்படுத்துகிற ஹைப்போவைக் கழுவி எடுக்க ஓடுகிற தண்ணீரில் ஒருமணி நேரமாவது பிரின்ட் கிடக்க வேண்டும். கழுவாமல் கொடுத்த படம் சில வருஷத்தில் திட்டுத்திட்டாக மஞ்சளடிக்கும். சென்னையில் தண்ணீருக்குக் குடம் தூக்கியவர்களுக்கு, ஏன் நம் வீட்டுப் படங்களில் இத்தனை மஞ்சள் என்று விளக்க வேண்டியதில்லை.

இன்னும் பின்னால் போனால் வேறொரு சிக்கல். 1920களுக்கு முன் பெரும்பாலும் பயன்பட்ட ஃபிலிம்களுக்கும் தகடுகளுக்கும் சிவப்பு தெரியாது. நீலம் வெள்ளையாக விழும், சிவப்பு கறுப்பாக விழும். எல்லா நிறத்தையும் உணர்கிற ஃபிலிம் இருபதுகளின் கடைசியில்தான் பரவலானது. ஆகவே பழைய காரைப் பற்றி 'அது கறுப்பு வண்டி' என்று படத்தை வைத்துச் சொல்கிறோமே, அதில் எத்தனை சிவப்பு வண்டிகளோ. இப்போதைய மென்பொருளில் நிறத்தைக் கழற்றினால் சிவப்பு நடுத்தரச் சாம்பலாகத்தான் வரும். 1915 மாடல் வண்டியைக் கண்காட்சியில் படமெடுத்து இப்படிக் கறுப்புவெள்ளையாக்கி '1915இல் எடுத்தது' என்று காட்டினால், சாம்பல் அளவே காட்டிக்கொடுத்துவிடும். பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

வண்ணப் படம் வேறு கதை. பிரின்டில் வெள்ளி மிஞ்சுவதில்லை. சயான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாயங்கள்தான். அறுபது எழுபதுகளின் பிரின்டுகளில், ஆல்பத்துக்குள் இருட்டில் பத்திரமாக வைத்திருந்தாலும், முதலில் கைவிடுவது சயான். நீலப்பச்சை போனால் மிஞ்சுவது சிவப்பு. டூரிங் டாக்கீஸில் பழைய ஈஸ்ட்மென் கலர் பிரின்ட் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: வானம், வயல், கதாநாயகன் சட்டை எல்லாமே ரோஸ். ஆனால் அதற்கும் முன்னால் அமெரிக்காவில் கோடாக்ரோம் ஸ்லைடில் எடுத்த கார்கள் இன்றைக்கும் காலையில் கழுவி நிறுத்தியவை போல இருக்கின்றன. 1935இல் வந்து 2009இல் உற்பத்தி நின்ற ஃபிலிம் அது. இருட்டில் வைத்தால் அதன் சாயம் லேசில் போகாது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் 1939 முதல் 1944 வரை அரசாங்கப் படக்காரர்கள் எடுத்த வண்ணப் படங்கள் சுமார் 1,600 இருக்கின்றன. அவற்றை நான் சிலரிடம் காட்டியிருக்கிறேன். "இது பழசு மாதிரியே இல்லையே" என்கிறார்கள். உண்மையான பழசு, பழசு போல இல்லாததால் நம்பத்தகாததாகிவிடுகிறது. என் கம்ப்யூட்டரில் நாற்பது நிமிஷத்தில் செய்தது நம்பத்தக்கதாகிவிடுகிறது.

துகளும் இப்படித்தான். நம் வீடுகளில் இருந்த அக்ஃபா கிளிக் 3 பெட்டிக் கேமராவில் 120 ஃபிலிம் போட்டு 12 படம் எடுக்கலாம். ஒவ்வொன்றும் 6க்கு 6 செ.மீ. சதுரம். அதை அதே அளவில் பிரின்ட் போட்டால் துகள் கண்ணுக்கே தெரியாது. சதுரம் அன்றைக்கு ஒரு பாணி இல்லை, அந்தப் பெட்டியின் வாய் அப்படி இருந்தது. இப்போது சதுரமும் துகளும் சேர்ந்து 'பழமை' என்ற ஒரே பண்டமாகக் கட்டப்பட்டு விற்கப்படுகின்றன.

ஃபிரடெரிக் ஜேம்சன் 1984இல் எழுதிய பின்நவீனத்துவக் கட்டுரையில் ஏக்கப் படங்கள் என்று ஒரு வகை சினிமாவைப் பற்றிப் பேசுகிறார். கடந்த காலத்தின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு அதன் மினுக்கை, உடையை, பாணியை மட்டும் எடுத்துக்கொண்டு அதுவே வரலாறு என்று நிற்பவை. நண்பர் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்டபோது எனக்குத் தோன்றியது: ஜேம்சன் சொன்ன சினிமாவிலாவது யாரோ தேடி ஒரு பழைய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இங்கே வண்டி நிஜமாகவே பழசு, அதன் மேல் போர்த்திய பழமை புதுசு. வண்டி தன் வயதைத் தானே சொல்லக்கூடியதாக இருந்தும், அதைப் பேசவிடாமல் ஒரு ஃபில்டர் முந்திக்கொண்டு பேசுகிறது.

'வின்டேஜ்' என்ற சொல்லும் முதலில் காருக்கானதில்லை. திராட்சை அறுவடை, எந்த வருஷத்து அறுவடை என்கிற கணக்கு. இங்கிலாந்தில் 1934இல் தொடங்கிய வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் 1931க்கு முன் செய்த வண்டியை மட்டும்தான் அப்படிச் சொல்லும். இந்தியாவில் 2021இல் வந்த மோட்டார் வாகன விதிப்படி 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், மூல வடிவத்தைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. பதிவெண்ணில் 'விஏ' என்று இரண்டு எழுத்து வரும். இரண்டிலுமே வின்டேஜ் என்பது நிரூபிக்க வேண்டிய ஒரு விஷயம். காகிதம் காட்ட வேண்டும். படத்தில் மட்டும் அது தடவிக்கொள்கிற ஒரு பூச்சு.

*

இனி, இது யாருடைய பழமை என்ற கேள்வி.

மென்பொருள்களில் ஆயத்தமாக வருகிற ஃபில்டர்களின் பெயர்களைப் பாருங்கள். டிரை-எக்ஸ், போர்ட்ரா, கோடாக்ரோம், வெல்வியா. அமெரிக்க, ஜப்பானியக் கம்பெனிகளின் ஃபிலிம்கள். ஆனால் அறுபது எழுபதுகளின் தமிழ்நாட்டில், இறக்குமதிக் கட்டுப்பாட்டுக்கு நடுவில், எத்தனை வீட்டில் அவை இருந்தன? உதகமண்டலத்தில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்று ஒரு பொதுத்துறை ஆலை இருந்தது. 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் கறுப்புவெள்ளை ஃபிலிம், பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் செய்தார்கள். இந்து என்றால் நிலா. இன்றைக்கு அந்தப் பெயரைப் பார்த்தால் வேறு அர்த்தம் தோன்றும், அது நம் காலத்தின் கோளாறு. தொண்ணூறுகளில் நலிந்த ஆலை என்று அறிவிக்கப்பட்டு, தொழிலாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே அனுப்பப்பட்டு, மூடப்பட்டுவிட்டது. நம் ஊர் ஸ்டூடியோக்கள் பிரின்ட் போட்டது பெரும்பாலும் அந்தப் பேப்பரில்தான். நான் பார்த்த எந்த மென்பொருளிலும் 'இந்து' என்று ஒரு ஃபில்டர் இல்லை. சென்னையில் செய்த ஹெரால்டை, உதகையில் செய்த ஃபிலிம் கண்ட விதத்தில் காட்ட வழியில்லாமல், நியூயார்க் ரோச்செஸ்டரின் ஞாபகத்தில் காட்டுகிறோம். நம் கடந்த காலத்துக்கே விசா வாங்கிக்கொண்டு போகிற மாதிரி.

இந்த வேலை மிகக் கூர்மையாகத் தெரிகிற இடம் ஹவானா. கியூபப் புரட்சி 1959இல். அடுத்த மூன்று வருஷத்துக்குள் அமெரிக்கா வர்த்தகத் தடையை இறுக்கியது. புது அமெரிக்க வண்டியும் வராது, உதிரி பாகமும் வராது. இருந்த செவர்லே, ஃபோர்டு, பிளிமத்தை வைத்துக்கொண்டு கியூபர்கள் ஓட்டினார்கள். என்ஜின் போனால் சோவியத் நாட்டு டீசல் என்ஜினைப் பொருத்தினார்கள், பாகம் கிடைக்காவிட்டால் பட்டறையில் அடித்துச் செய்துகொண்டார்கள். பெரிய பாதாம் என்ற அர்த்தத்தில் 'அல்மென்ட்ரோன்' என்று அந்த வண்டிகளைச் சொல்வார்கள். பங்கு டாக்ஸியாக ஓடுகிற வேலைக்கார வண்டிகள். வெளிநாட்டுப் பயணி அதைப் படமெடுத்துப் பழுப்பாக்கி '1957 ஹவானா' ஆக்குகிறார். அந்த ஒரு தட்டலில் என்னவெல்லாம் போகிறது பாருங்கள். தடை போகிறது, டீசல் என்ஜின் போகிறது, அறுபது வருஷமாக அந்த வண்டியைச் சாகவிடாமல் வைத்திருந்த கைகள் போகின்றன. வண்டி மறுபடியும் பாட்டிஸ்டா காலத்துச் சூதாட்ட விடுதி வாசலில் போய் நிற்கிறது. புரட்சியைப் பற்றி நமக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். ஆனால் அதை ஒரு ஃபில்டரால் நடக்காததாக்குவது விமர்சனம் ஆகாது.

நம் அம்பாசடருக்கு இது இன்னும் சுலபம். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை வைத்து 1957-58 வாக்கில் தொடங்கி, 2014 மே மாதம் மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையில் வேலை நிறுத்திவைக்கப்படும்வரை, பெரிதாக உருவம் மாறாமலே வந்த வண்டி. 2010இல் எடுத்த படத்தைப் பழுப்பாக்கினால் 1965 என்று நம்பிவிடுவார்கள். கிரில்லைப் பார்த்து மார்க் 2வா 4ஆ என்று சொல்லக்கூடியவர்கள் ஒர்க்ஷாப்பில்தான் இருக்கிறார்கள். ஆலை நின்றபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இல்லாமல் நின்றார்கள். 2017இல் 'அம்பாசடர்' என்ற பெயரை மட்டும் பிரெஞ்சுக் கம்பெனியான பெஷோவுக்கு 80 கோடிக்கு விற்றார்கள். பெயருக்கு விலை இருக்கிறது, அந்தச் சாயலுக்கும் விலை இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

*

என் வீட்டில் ஒரு அம்பாசடர் படம் இருக்கிறது. 1979இல் எடுத்தது. அப்பா ஒரு வீட்டில் டிரைவராக இருந்தார். அந்த வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் கலர் ஃபிலிம் போட்டு வண்டியைப் படமெடுத்தார். அப்பா துடைத்துவிட்டு நகரப் போனவரை, "நில்லுப்பா பரவாயில்லை" என்று சொன்னாராம். ஒரு காப்பி அப்பாவுக்கும் கிடைத்தது. எங்கள் வீட்டில் அப்பா நின்றுகொண்டிருக்கிற ஒரே வண்ணப் படம் அது.

இப்போது அது முழுக்கச் சிவந்துவிட்டது. வண்டி செங்கல் நிறம், அப்பாவின் யூனிஃபார்ம் ரோஸ், பின்னால் இருந்த வேப்பமரம் துரு. வண்டி என்ன நிறம் என்று அம்மாவிடம் கேட்டேன். "ஆஷ் கலர்" என்றாள். பிறகு "இல்ல, பச்சையோ?" என்றாள். அப்பா இல்லை, கேட்க. ஆர்.சி. புக்கில் முதலாளி பேர்தான் இருக்கும்; அந்த வண்டியைப் பத்து வருஷம் ஓட்டினவர் பேர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

ஸ்கேன் செய்து உட்கார்ந்தேன். மங்கிய படத்தை மீட்பதற்கு ஒரு வழி உண்டு. படத்தில் நிச்சயமாக வெள்ளை என்று தெரிந்த ஒரு இடம் வேண்டும். அந்த இடம் வெள்ளையாகும்வரை மூன்று நிறத்தையும் தனித்தனியாக இழுத்துப் பிடித்தால் மற்றவை ஓரளவு தானாகவே தத்தம் இடத்துக்கு வரும். வானம் உதவாது, அது என்ன நீலம் என்று யாருக்குத் தெரியும். சுவர் உதவாது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்த வெள்ளை ஒன்றுதான்: அப்பாவின் சட்டை. சொட்டு நீலம் போட்டு அம்மா துவைத்தது. அதை வைத்து இழுத்தேன். வேப்பமரம் பச்சையானது. வண்டி ஆஷ் கலர்தான்.

அந்தப் படத்தில் அப்பா இல்லாமல் இருந்தால் வண்டியின் நிறத்தை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. பாயை அழித்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பழைய கோப்பைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். முழுசாக அழித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்; முன் சக்கரத்தின் ஹப் கேப்பில் வளைந்துபோய், லுங்கியும் தோள் துணியுமாக இன்னும் நின்றுகொண்டிருந்தார். மலரில் அச்சான படத்திலும் இருக்கிறார். கடுகளவு.

ரோலண் பார்த் 1980இல் வெளியான தன் கடைசிப் புத்தகத்தில், ஃபோட்டோ என்பது எதையும் விளக்குவதில்லை, 'இது இங்கே இருந்தது' என்று மட்டும் சாட்சி சொல்கிறது என்கிற மாதிரி ஒரு வாதம் செய்கிறார் என்று சொன்னார்கள். அது ஃபிலிமுக்கு எவ்வளவு பொருந்துமோ, டிஜிட்டலுக்கு எவ்வளவு பொருந்துமோ, நீங்கள் சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

படத்தில் கை வைப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அடுத்த மாசம் சோறு கிடையாது. எங்கள் தொழிலில் பொய்க்கு நீண்ட மரபு இருக்கிறது. திருவிழாவிலும் பொருட்காட்சியிலும் பிளைவுட் கார் வைத்த ஸ்டூடியோ போடுவார்கள், நினைவிருக்கிறதா? முன்பக்கம் மட்டும் வரைந்த கார், பின்னால் ஸ்டூல். குடும்பமே ஏறி உட்காரும். மாமா ஸ்டியரிங் பிடிப்பார், அத்தை வெளியே கையை நீட்டிக்கொள்வாள். அதுவும் பொய்தான். ஆனால் எடுத்தவனுக்கும் தெரியும், உட்கார்ந்தவனுக்கும் தெரியும், பார்க்கிறவனுக்கும் தெரியும். காரே இல்லாதவனைக் காருக்குள் உட்காரவைத்தது அந்தப் பொய். நான் அறுநூறு ரூபாய்க்குச் செய்தது, காரோடு இருந்தவனைக் காரிலிருந்து இறக்கிவிட்டது.

*

இதை முதலாளி வர்க்கத்தின் ரசனைக் கோளாறு என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. போன வருஷம் ஒரு தொழிற்சங்கத் தோழர் வந்தார். சங்கத்தின் பொன்விழா மலர். இரண்டு ஹாரன் கட்டிய பிரச்சார அம்பாசடர், சுற்றிலும் தோழர்கள், 2004இல் டிஜிட்டல் கேமராவில் எடுத்த படம். "இதைக் கொஞ்சம் பழசாக்கு தோழர். வரலாறு மாதிரி இருக்கணும்" என்றார். 2004 வரலாறு இல்லையா என்று கேட்டேன். "படிக்கிறவனுக்கு அப்படித் தோணாது" என்றார். நம்பர் பிளேட்டில் டிஎன் என்று இருக்கிறதே, அந்த வரிசை 1988 மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பிறகு வந்தது, எழுபதுகள் என்று எவனாவது எடுத்துக்கொண்டால் நாளைக்கு மாட்டிக்கொள்வீர்கள் என்றேன். "அதை மங்கலாக்கிடு" என்றார். அரைமணி நேரம் சண்டை. டீ ஆறிப்போனது.

நான் அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற பலரிடம் பெட்டி பெட்டியாகப் படங்கள் இருக்கின்றன. அவைதான் நம் சாட்சி. வாசல் கூட்டம், லாரியில் ஏற்றிக்கொண்டுபோன நாள், மூடிய ஆலையின் பூட்டு. ஒரு படத்தை நாமே பழசாக்கியது வெளியே தெரிந்தால், அடுத்த நூறு நிஜப் படத்தையும் 'இதுவும் அப்படித்தானே' என்று சுலபமாகத் தள்ளிவிடுவார்கள். நீதிமன்றத்திலும் அப்படியே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, டிஜிட்டல் பதிவைச் சாட்சியமாக வைக்கும்போது சான்றிதழோடு அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு புள்ளியை மாற்றினாலும் மாறிவிடும். ஃபில்டர் போட்டுவிட்டு மூலக் கோப்பை அழித்தவர் கையில் அந்த மூலத்தின் ரேகை இல்லை. வாட்ஸப்பில் படமாக அனுப்பினாலே அது அளவைக் குறைத்து, எந்த நாளில் எந்தக் கேமராவில் எடுத்தது என்ற உள்குறிப்பையும் உதிர்த்துவிடும். எனவே மூலக் கோப்பைத் தொடாதீர்கள். வேலை செய்ய ஒரு நகல் போதும். பழுப்பாக்கித்தான் ஆக வேண்டுமென்றால், பழுப்பாக்கியது என்று படத்தின் கீழேயே எழுதுங்கள், வருஷத்தோடு. அச்சில் ஒரு வரி இடம்தான் போகும். நம்பர் பிளேட்டையும், ஃபிளெக்ஸ் பேனரையும், கைபேசி டவரையும் விட்டுவையுங்கள். நின்றுகொண்டிருக்கிற ஆளையும்.

தோழர் கடைசியில் படத்தை வண்ணத்திலேயே போட்டார். என் வாதத்தால் இல்லை. மலர் முழுக்க வண்ணத்தில் அடிக்க அச்சகத்தில் சலுகை கிடைத்துவிட்டது.

ஹெரால்டு மலர்க்காரர்களுக்கு மூலப் படத்தையும், வருஷம் தவறு என்ற குறிப்பையும் அனுப்பினேன். நன்றி என்று ஒரு கைகூப்பிய படம் வந்தது, அவ்வளவுதான். பாய்க்கு மூலப் படத்தை 8க்கு 12 அளவில் பிரின்ட் போட்டுக் கொண்டுபோனேன். ஃபில்டர் எதுவும் இல்லை, சிவப்பு சிவப்பாகவே. ரொம்ப நேரம் பார்த்தார். பெயிண்டைப் பார்த்தார், ஹப் கேப்பைப் பார்த்தார், கதவு இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "தம்பி, தலைமுடிய மட்டும் கொஞ்சம் கறுப்பாக்கித் தர முடியுமா?" என்றார்.

ஆக்கிக் கொடுத்தேன். மூலக் கோப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.